38 லட்சம் வரி சிஎஸ்வி: ஸ்ட்ரீமிங் போட்ட பிறகும் ஏன் ரேம் நிரம்புகிறது?

மொக்கா_எடைமேடை

எல்லோருக்கும் வணக்கம். கரும்பு எடைமேடைப் பதிவுகளை ஒரே சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி எங்கள் வெப் ஆப்பில் இருக்கிறது. வண்டி எண், நிலத்தொகுதி, மொத்த எடை, வெற்று எடை, நேரம், ஆலை வாயில் என்று ஒரு வரிக்குச் சுமார் 120 பைட். பல அறுவடைப் பருவங்கள் சேர்ந்து 38 லட்சம் வரி, அதாவது 456 எம்பி அளவில் ஒரு கோப்பு.

சர்வரில் 2 ஜிபி ரேம். பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ 4.2, அதை ஓட்ட யுவிகார்ன், டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், நடுவில் அதன் இணைப்புகளைப் பகிரும் பிஜிபவுன்சர், முன்னால் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ். எல்லாம் டாக்கர் கன்டெய்னர்கள். பழைய கோடு முழுக் கோப்பையும் ஒரு ஸ்ட்ரிங்காகக் கட்டி அனுப்பியது. அதை எடுத்துவிட்டு விடையைத் துண்டு துண்டாக அனுப்பும் ஸ்ட்ரீமிங்ஹெச்டிடிபிரெஸ்பான்ஸ் போட்டு, ஜெனரேட்டர் ஒவ்வொரு வரியாக யீல்டு செய்கிற (உருவாக்கித் தருகிற) மாதிரி மாற்றியாகிவிட்டது. ஆனாலும் இறக்கத் தொடங்கியதும் ரேம் ஏறிக்கொண்டே போய், கன்டெய்னர் 137 என்ற எக்ஸிட் கோடோடு சாகிறது. ஸ்ட்ரீமிங் என்றால் ரேம் தேவைப்படக் கூடாது அல்லவா?

டர்பன்_கரை

137 என்பது 128 கூட்டல் 9. கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது. எந்தக் கன்டெய்னர் செத்தது, ஆப்பா என்ஜின்எக்ஸா? டாக்கர் இன்ஸ்பெக்ட் போட்டால் ஓஓஎம்கில்டு (ரேம் போதாமல் கொல்லப்பட்டது) என்ற இடத்தில் ட்ரூ என்று எது காட்டுகிறதோ அதுதான்.

இன்னொன்றும் பாருங்கள். கர்ல் என்ற கமாண்ட் லைன் கருவி வைத்து இறக்கும்போது முதல் பைட் எப்போது வருகிறது? நெடுநேரம் எதுவுமே வராமல் ரேம் மட்டும் ஏறினால், ஆப்புக்குள்ளோ டேட்டாபேஸ் டிரைவருக்குள்ளோ எல்லாம் சேர்கிறது. பைட் உடனே வந்து, பிறகும் ரேம் ஏறினால் துண்டுகள் வெளியே போகும் வழியிலுள்ள அடுக்கில் தேடவேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் செட்டிங் மாற்றத் தொடங்கினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

மொக்கா_எடைமேடை

செத்தது ஆப் கன்டெய்னர்தான். முதல் பைட் வருவதற்கு முன்பே சாகிறது. லாகில் ஒரு எச்சரிக்கை மட்டும் இருக்கிறது: சிங்க்ரனஸ் இட்டரேட்டரை முழுவதும் உட்கொண்டுதான் அனுப்பமுடியும், அசிங்க் இட்டரேட்டர் பயன்படுத்துங்கள் என்று.

எபென்_கோபுரம்

உங்கள் விடையில் பாதி அந்த எச்சரிக்கையிலேயே இருக்கிறது. பலர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

யுவிகார்ன் ஒரு ஏஎஸ்ஜிஐ சர்வர், அதாவது அசிங்க் முறையில் ஓடுவது. ஜாங்கோ 4.2 முதல், ஏஎஸ்ஜிஐ கீழே சாதாரண ஜெனரேட்டரைக் கொடுத்தால், ஜாங்கோ அதை வேறொரு த்ரெட்டில் ஒரே மூச்சில் லிஸ்டாக மாற்றிக்கொள்கிறது. அந்த லிஸ்ட் முடிந்த பிறகுதான் முதல் துண்டு வெளியே போகும். அதனால் உங்கள் கோடில் எவ்வளவு அழகாக யீல்டு எழுதியிருந்தாலும் பயனில்லை. 38 லட்சம் பைட்ஸ் பொருள்கள் ஒரு லிஸ்டில் உட்காரும். 120 பைட் வரிக்குப் பைத்தான் தன் தலைப்பகுதியாக 33 பைட் சேர்க்கும், லிஸ்டில் ஒரு சுட்டிக்கு 8 பைட். வரிகள் மட்டுமே 600 எம்பியைத் தாண்டும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜெனரேட்டரை அசிங்க் ஆக்கி, உள்ளே குவரிசெட்டின் ஏஇட்டரேட்டரை ஓடவிடுவது. யுவிகார்ன் இந்த விஷயத்தில் ஒழுங்காக நடந்துகொள்ளும்: எழுதும் பஃபர் 64 கேபியைத் தாண்டினால், சாக்கெட் வடியும்வரை அடுத்த துண்டைக் கேட்காமல் காத்திருக்கும். இரண்டு, இந்த ஒரு யுஆர்எல்லை மட்டும் டபிள்யூஎஸ்ஜிஐ (சாதாரண சிங்க் முறை) வழியே கொடுப்பது. அதே கோடு, அதே இமேஜ், ஜியூனிகார்ன் ஜித்ரெட் வொர்க்கரில் இன்னொரு புராசஸ். என்ஜின்எக்ஸில் ஏற்றுமதிப் பாதைக்கு ஒரு தனி லொக்கேஷன், அவ்வளவுதான்.

நான் இரண்டாவதையே சொல்வேன். காரணத்தை டேட்டாபேஸ் பக்கம் தெரிந்தவர்கள் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும்.

வாக்வா_வேணி

காரணம் டிரான்ஸாக்ஷன். ஜாங்கோவில் டிரான்ஸாக்ஷனைத் திறந்து மூடும் அட்டாமிக் பிளாக் அசிங்க் கோடில் வேலை செய்யாது. இந்த ஏற்றுமதிக்கு அது கட்டாயம் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டிரைவர். சாதாரணக் கர்சரில் (விடை வரிகளைப் படிக்கும் கைப்பிடி) செலக்ட் அனுப்பினால், போஸ்ட்கிரஸின் க்ளையன்ட் லைப்ரரி முழு விடையையும் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்ட பிறகுதான் முதல் வரியைப் பைத்தானுக்குக் கொடுக்கும். நீங்கள் ஒவ்வொரு வரியாகப் படிப்பதெல்லாம் ஏற்கெனவே ரேமில் இருப்பதைத்தான். இதைத் தவிர்க்கப் பெயரிட்ட கர்சர் வேண்டும்: விடை சர்வர் பக்கம் நிற்கும், நாம் 2000 வரி 2000 வரியாக ஃபெட்ச் செய்வோம். குவரிசெட்டில் இட்டரேட்டர் மெத்தடை அழைத்தால் ஜாங்கோ இதைத் தானே செய்யும். அழைக்காமல் வெறும் ஃபார் லூப் போட்டால், படித்த ஒவ்வொரு மாடல் பொருளையும் குவரிசெட் தன் கேஷில் வைத்துக்கொள்ளும். ஒரு மாடல் பொருள் 1 கேபியைத் தாண்டுவது சாதாரணம். 38 லட்சத்தால் பெருக்கினால் உங்கள் 2 ஜிபி எந்த மூலைக்கு? மாடல் பொருளும் இங்கே தேவையில்லை, வேல்யூஸ்_லிஸ்ட் போட்டு வெறும் ட்யூபிளாக எடுங்கள்.

மொக்கா, ஒன்று கேட்கவேண்டும். பிஜிபவுன்சர் எந்த முறையில் ஓடுகிறது? செட்டிங்கில் டிஸேபிள்_சர்வர்_சைட்_கர்சர்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா?

மொக்கா_எடைமேடை

டிரான்ஸாக்ஷன் முறை. ஆமாம் அக்கா, அந்த செட்டிங் ட்ரூ. அது இல்லாதபோது "கர்சர் இல்லை" என்ற பிழை அவ்வப்போது வந்தது.

வாக்வா_வேணி

அப்படியானால் இட்டரேட்டர் அழைத்தாலும் பயன் இல்லை. சர்வர் பக்கக் கர்சர் அணைந்திருப்பதால் டிரைவர் முழுவதையும் இறக்கிக்கொள்கிறது. எபென் சொன்ன லிஸ்ட் ஒரு பிரதி, இது இன்னொரு பிரதி.

அந்தப் பிழை ஏன் வந்தது என்பதையும் பார்ப்போம். ஜாங்கோ ஆட்டோகமிட்டில் (ஒவ்வொரு குவரியும் தானே ஒரு டிரான்ஸாக்ஷன்) இருக்கும்போது கர்சரை "வித் ஹோல்டு" என்று திறக்கும், அதாவது டிரான்ஸாக்ஷன் முடிந்தாலும் கர்சர் உயிரோடு இருக்கும். டிரான்ஸாக்ஷன் முறையில் பிஜிபவுன்சர் ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்குப் பிறகும் சர்வர் இணைப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அடுத்த ஃபெட்ச் வேறு இணைப்பில் போய் விழும். அங்கே அந்தக் கர்சர் இருக்காது.

வித் ஹோல்டுக்கு இன்னொரு கேடும் உண்டு. பிஜிபவுன்சர் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். கமிட் ஆகும் நொடியில் போஸ்ட்கிரஸ் குவரியை முழுவதும் ஓட்டி, விடையைத் தன் பக்கம் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைக்கும். ஆகவே முதல் வரி வரவே நேரமாகும். என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் இயல்பாக 60 செகண்ட். அந்த மௌனம் 60ஐத் தாண்டினால் 504.

இரண்டுக்கும் ஒரே மருந்து: ஜெனரேட்டருக்கு உள்ளேயே அட்டாமிக் பிளாக்கைத் திறந்து, அதற்குள் இட்டரேட்டரை ஓட்டுவது. வித் ஹோல்டு போய்விடும், டிரான்ஸாக்ஷன் முடியும்வரை பிஜிபவுன்சரும் அதே இணைப்பைத் தரும். "உள்ளேயே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். வியூவுக்கு அட்டாமிக் போட்டாலும், அட்டாமிக்_ரிக்வெஸ்ட்ஸ் இயக்கினாலும் உதவாது. வியூ ரிட்டர்ன் ஆனதுமே அந்த டிரான்ஸாக்ஷன் மூடிவிடும், ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

பொது செட்டிங்கை மாற்றவேண்டாம். டேட்டாபேஸ் பட்டியலில் "ஏற்றுமதி" என்று இரண்டாவது பெயர் வைத்து, பிஜிபவுன்சரின் 6432 போர்ட்டை விட்டு நேரே போஸ்ட்கிரஸின் 5432க்கு இணையுங்கள். சர்வர் பக்கக் கர்சர் அந்தப் பெயருக்கு மட்டும் இயங்கட்டும்.

கடைசியாக ஒரு நுணுக்கம். கர்சர் வழியே ஓடும் குவரியில் 10 சதவீத வரிகளைத்தான் எடுப்பார்கள் என்று போஸ்ட்கிரஸின் பிளானர் எண்ணிக்கொள்ளும் (கர்சர்_ட்யூபிள்_ஃப்ராக்ஷன் இயல்பாக 0.1). முதல் வரி சீக்கிரம் வரும் ஆனால் மொத்தமாக மெதுவான பிளானை அது தேர்ந்தெடுக்கலாம். நமக்கு எல்லா வரியும் வேண்டும். அந்த டிரான்ஸாக்ஷனில் மட்டும் 1.0 என்று செட் செய்து எக்ஸ்பிளெயினில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கியூர்பிப்_மழை

வேணி அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் கர்சரில் எனக்கு உடன்பாடு இல்லை. இறக்குகிறவரின் இணைப்பு மெதுவாக இருந்தால் அந்த டிரான்ஸாக்ஷன் அரைமணி நேரம் திறந்தே கிடக்கும். அதுவரை போஸ்ட்கிரஸின் துப்புரவு வேலையான வேக்யூம் அதற்குப் பிறகு செத்த வரிகளை அகற்றமுடியாது. அறுவடைக் காலத்தில் எடைமேடை டேபிளில் அப்டேட் ஓயாமல் நடக்கும், டேபிள் ஊதும்.

கீ வைத்துத் துண்டு துண்டாக எடுங்கள். கடைசியாகப் படித்த ஐடியை நினைவில் வைத்து, அதைவிடப் பெரிய ஐடி, ஐடி வரிசையில், 5000 வரி. மீண்டும் அதே. 38 லட்சத்துக்கு 760 குவரி, ஒவ்வொன்றும் ப்ரைமரி கீ இண்டெக்ஸில் நேரே போய் விழும். நெடிய டிரான்ஸாக்ஷன் இல்லை, பிஜிபவுன்சரோடு சண்டை இல்லை, அசிங்கிலும் ஓடும். ஆஃப்செட் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆஃப்செட் 30 லட்சம் என்றால் 30 லட்சம் வரியைப் படித்துத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் 5000 தரும்.

வாக்வா_வேணி

அந்த வழியில் இழப்பதையும் சொல்லிவிடவேண்டும் தம்பி. 760 குவரியும் வெவ்வேறு நேரத்துத் தோற்றத்தைப் பார்க்கும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு லோடின் வெற்று எடையைத் திருத்தினால், கோப்பின் ஒரு பகுதி பழையது, ஒரு பகுதி புதியது. தோட்டக்காரருக்குப் பணம் கணக்கிடும் கோப்பென்றால் மொத்தம் ஒத்துப்போகாது. முடிந்துபோன பருவங்களின் பழைய பதிவு என்றால் உங்கள் வழி மிக நல்லது. நடப்புப் பருவத்துக்குக் கர்சர்தான்.

டர்பன்_கரை

சிஎஸ்வி மட்டும்தான் வேண்டுமென்றால் மூன்றாவது வழி: காப்பி. போஸ்ட்கிரஸே சிஎஸ்வியாக எழுதித் தரும். பைத்தானில் ஒவ்வொரு வரியையும் ட்யூபிளாக்கி, மறுபடி சிஎஸ்வி ரைட்டரில் ஊற்றும் சிபியூ செலவு மிச்சம். பைத்தானின் போஸ்ட்கிரஸ் டிரைவரான சைகாப்ஜி 3இல் காப்பி பிளாக்கைத் திறந்தால் அதை அப்படியே ஃபார் லூப்பில் ஓட்டி யீல்டு செய்யலாம், ஜாங்கோ 4.2 அதை ஆதரிக்கிறது. சைகாப்ஜி 2இல் காப்பி_எக்ஸ்பர்ட் ஒரு ஃபைல் பொருளுக்குள் தள்ளுகிற வகை. அதை ஜெனரேட்டராக்க நடுவில் த்ரெட்டும் க்யூவும் வேண்டும், அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

எந்த வழியானாலும் வரிக்கு ஒரு யீல்டு கூடாது. 120 பைட் வரியை ஒரு சங்க்காக அனுப்பினால், அளவைச் சொல்லும் ஹெக்ஸ் எண்ணும் வரி முறிவுகளுமாக 6 பைட் கூடும். அது பெரிதல்ல. வரிக்கு ஒரு சிஸ்டம் கால், அதுதான் வலி. 500 வரியைச் சேர்த்து ஒரு துண்டாக்குங்கள்: சுமார் 60 கேபி. 38 லட்சம் எழுதல் 7600 ஆகிவிடும். ரேமில் 60 கேபி ஒரு பொருட்டே இல்லை.

சென்பியேர்_974

ரீயூனியனிலிருந்து வணக்கம். ஒரு கேள்வி. எங்கே தேடினாலும் ஸ்ட்ரீமிங்குக்கு என்ஜின்எக்ஸின் பஃபரிங்கை அணைக்கச் சொல்கிறார்கள். எக்ஸ்-ஆக்ஸெல்-பஃபரிங் ஹெடரில் "நோ" அனுப்பினால் போதும் என்று. மொக்காவும் அதைச் செய்யவேண்டுமா?

எபென்_கோபுரம்

இந்த வேலைக்கு வேண்டாம் என்பேன். அந்த அறிவுரை சாட், நேரலை அறிவிப்பு போன்ற, ஒவ்வொரு துண்டும் உடனே போய்ச் சேரவேண்டிய ஸ்ட்ரீமுக்கானது. கோப்பு இறக்கம் வேறு.

பஃபரிங் இயங்கும்போது என்ஜின்எக்ஸ் ஒரு இணைப்புக்கு எடுக்கும் ரேம் சிறியது: 4 கேபி அளவில் 8 பஃபர், தலைப்புக்கு இன்னொரு 4 கேபி. அது நிரம்பினால் டிஸ்கில் தற்காலிகக் கோப்பில் எழுதும், 1024 எம்பி வரை. அதுவும் நிரம்பினால் பிழை எதுவும் தராது. க்ளையன்ட் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்வரை ஆப்பிடமிருந்து படிப்பதை நிறுத்திவைக்கும். உங்கள் 456 எம்பி அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே ஆப் தன்னால் முடிந்த வேகத்தில் எழுதி முடித்து, டிரான்ஸாக்ஷனை மூடிவிட்டுப் போய்விடும். மெதுவான க்ளையன்டோடு மல்லுக்கட்டுவது என்ஜின்எக்ஸின் வேலை, அது அதற்காகவே எழுதப்பட்டது.

அணைத்துவிட்டால்? 2 எம்பிபிஎஸ் இணைப்பில் 456 எம்பி இறங்க 1824 செகண்ட், அரைமணி. அந்த அரைமணியும் ஒரு ஜியூனிகார்ன் த்ரெட், ஒரு போஸ்ட்கிரஸ் இணைப்பு, ஒரு திறந்த டிரான்ஸாக்ஷன் மூன்றும் அவருக்காகவே நிற்கும். 2 வொர்க்கர், ஆளுக்கு 4 த்ரெட் என்றால் 8 பேர் இறக்கினால் ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை. இங்கே மொரிஷியஸில் மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்தால் ஆபீஸ்கள் மூடி, எல்லோரும் வீட்டிலிருந்து மொபைல் டேட்டாவில் இறக்குவார்கள். மெதுவான க்ளையன்ட் இந்தத் தீவில் அபூர்வமல்ல, அதை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

ஸ்ட்ரீமிங் ரேம் செலவைத் தீர்த்துவிடுவதில்லை, காத்திருப்பாக மாற்றுகிறது. அந்தக் காத்திருப்பை யார் தலையில் வைப்பது என்பதைத்தான் நாம் முடிவுசெய்கிறோம். கியூர்பிப்பின் கவலைக்கும் இதுவே பதில்: பஃபரிங் இருந்தால் கர்சர் டிரான்ஸாக்ஷன் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

கியூர்பிப்_மழை

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டாக்கரில் அந்தத் தற்காலிகக் கோப்பு எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள். என்ஜின்எக்ஸ் கன்டெய்னரை ரீட்-ஒன்லியாக ஓட்டி, எழுதும் இடத்துக்கு டிஎம்பிஎஃப்எஸ் மவுண்ட் கொடுக்கிற வழக்கம் நிறைய இடத்தில் உண்டு. டிஎம்பிஎஃப்எஸ் என்பது ரேம்தான், கன்டெய்னரின் மெமரி வரம்பில் கணக்காகும். ஆப் பிழைத்துக்கொள்ளும், என்ஜின்எக்ஸ் சாகும். ப்ராக்ஸி_டெம்ப்_பாத் உண்மையான டிஸ்க் வால்யூமுக்குப் போகட்டும். ஒரே நேரத்தில் 10 பேர் என்றால் 4.5 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும்.

எபென்_கோபுரம்

மிகச் சரியான எச்சரிக்கை. இன்னொன்றும் அதே அளவுக்கு முக்கியம், ஏனென்றால் ரேம் சரியாகிவிட்ட பிறகு சத்தமில்லாமல் கடிக்கும்.

பழைய பதிப்புகளில் என்ஜின்எக்ஸ் ஆப்போடு ஹெச்டிடிபி 1.0இல்தான் பேசும். 1.0இல், துண்டுதோறும் அளவைச் சொல்லி அனுப்பும் சங்க்டு முறை கிடையாது. அளவு தெரியாத விடைக்கு முடிவு என்பது இணைப்பை மூடுவதுதான். 20 லட்சமாவது வரியில் உங்கள் ஜெனரேட்டரில் எக்ஸப்ஷன் வந்தால் ஜியூனிகார்ன் இணைப்பை மூடும். என்ஜின்எக்ஸ் அதை நல்லபடி முடிந்ததாகவே எடுத்துக்கொண்டு, க்ளையன்டுக்குச் சுத்தமான முடிவை அனுப்பும். ஸ்டேட்டஸ் 200 எப்போதோ போய்விட்டது. பயனரின் கையில் பாதிக் கோப்பு, யாருக்கும் பிழை தெரியாது. பணக் கணக்கில் இதைவிட மோசமான கோளாறு இல்லை.

ப்ராக்ஸி_ஹெச்டிடிபி_வெர்ஷன் 1.1 என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்போது ஜியூனிகார்ன் சங்க்டாக அனுப்பும். முடிவில் வரவேண்டிய பூஜ்ய அளவுத் துண்டு வராமல் இணைப்பு மூடினால், அப்ஸ்ட்ரீம் முன்கூட்டியே மூடிவிட்டது என்று என்ஜின்எக்ஸ் லாகில் எழுதி, க்ளையன்ட் பக்கத்தையும் முறிக்கும். பிரவுசர் இறக்கம் தோல்வி என்று காட்டும். ஜெனரேட்டருக்குள் எக்ஸப்ஷனைப் பிடித்து "பிழை" என்று கடைசி வரியில் எழுதி அமைதியாக முடிப்பதைச் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், வெடிக்கவிடுங்கள்.

ஜியூனிகார்னின் டைம்அவுட் இயல்பாக 30 செகண்ட். சிங்க் வொர்க்கரில் அது முழு ரிக்வெஸ்டையும் பிடித்துக்கொல்லும், 30 செகண்டுக்கு மேல் ஓடும் ஸ்ட்ரீம் நடுவில் அறும். ஜித்ரெட்டில் துடிப்பைப் பிரதான த்ரெட் அனுப்புவதால் அந்தச் சிக்கல் இல்லை. ஜித்ரெட் சொன்னதற்கு இதுவும் காரணம்.

டர்பன்_கரை

நோட்.ஜேஎஸ் பயன்படுத்துகிறவர்கள் படித்தால் அவர்களுக்காக: அங்கே இதே நோய் வேறு வடிவில் வரும். ரெஸ்.ரைட் ஃபால்ஸ் திருப்பினால் "போதும், நிறுத்து" என்று பொருள். அதைக் கண்டுகொள்ளாமல் லூப்பில் எழுதிக்கொண்டே போனால் நோட் மறுக்காது, எல்லாவற்றையும் தன் ஹீப்பில் அடுக்கிக்கொள்ளும். ட்ரெய்ன் நிகழ்வு வரும்வரை நிற்கவேண்டும். கையால் எழுதாமல் ஸ்ட்ரீம் மாட்யூலின் பைப்லைன் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். பழைய பைப், க்ளையன்ட் நடுவில் போய்விட்டால் மூல ஸ்ட்ரீமை மூடாது, ஃபைலும் டேட்டாபேஸ் கர்சரும் திறந்தபடியே தேங்கும். இங்கே டர்பனில் மின்வெட்டு அட்டவணை ஓடிய நாட்களில் டவர் விழுந்து நூற்றுக்கணக்கான இறக்கங்கள் ஒரே நொடியில் அறும், அப்போது இந்தத் தேக்கம் தெரிந்தது. பைப்லைன் எல்லாவற்றையும் மூடிவிடும்.

சென்பியேர்_974

எங்கள் பழைய பிஹெச்பி ஆப்பில் மைஎஸ்க்யூஎல். அங்கே?

வாக்வா_வேணி

பிஹெச்பியின் டேட்டாபேஸ் அடுக்கான பிடிஓ இயல்பாக முழு விடையையும் பஃபர் செய்யும். யூஸ்_பஃபர்டு_குவரி அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். விடை முழுவதும் படித்து முடியும்வரை அதே இணைப்பில் வேறு குவரி ஓட்டமுடியாது என்பதை நினைவில் வையுங்கள், இடையில் தேவைப்பட்டால் இரண்டாவது இணைப்பு. அடுத்து, ஏதாவது ஃப்ரேம்வொர்க் அவுட்புட்டைப் பஃபர் செய்யும் ஓபி_ஸ்டார்ட் போட்டிருக்கும். அதன் எல்லா அடுக்கையும் மூடிய பிறகு எழுதத் தொடங்குங்கள். ரீட்ஃபைல் ரேமைத் தின்கிறது என்ற புகார் பெரும்பாலும் இந்த அவுட்புட் பஃபரால் வருவதுதான், ரீட்ஃபைலால் அல்ல.

ஜாங்கோவில் மைஎஸ்க்யூஎல் வைத்திருந்தால் இட்டரேட்டரும் காப்பாற்றாது, டிரைவர் முழுவதையும் ரேமில் ஏற்றும். அங்கே கியூர்பிப் சொன்ன கீ வழிதான்.

மொக்கா_எடைமேடை

ஏற்றுமதியை ஜியூனிகார்ன் ஜித்ரெட்டுக்கு மாற்றி, தனி டேட்டாபேஸ் பெயர், ஜெனரேட்டருக்குள் அட்டாமிக், 500 வரித் துண்டு எல்லாம் செய்தாயிற்று. முதல் பைட் உடனே வருகிறது. ஆனால் ஆப்பின் ரேம் இன்னும் ஏறுகிறது, முன்பைவிட மெதுவாக.

கியூர்பிப்_மழை

மிடில்வேரை, அதாவது ஒவ்வொரு ரெஸ்பான்ஸும் வெளியே போகும்போது கடக்கும் கோடைப் பாருங்கள். ரெஸ்பான்ஸை லாக் செய்கிற, அளவு எண்ணுகிற, கையெழுத்திடுகிற ஏதாவது சொந்த மிடில்வேர் இருக்கிறதா? ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸில் கன்டென்ட் என்ற பண்பே கிடையாது, தொட்டால் பிழை வரும். அந்தப் பிழையைச் "சரிசெய்ய" யாராவது வருகிற துண்டுகளையெல்லாம் ஒரு லிஸ்டில் சேர்த்துவைக்கும்படி எழுதியிருப்பார்கள். ரெஸ்பான்ஸ்.ஸ்ட்ரீமிங் ட்ரூ என்றால் தொடாமல் விடவேண்டும். எண்ணித்தான் ஆகவேண்டுமென்றால் இன்னொரு ஜெனரேட்டரால் சுற்றி, ஒவ்வொரு துண்டும் போகும்போது நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

மொக்கா_எடைமேடை

அதேதான். தணிக்கைக்கு என்று ஒன்று, துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே வந்து கடைசியில் ஹேஷ் போடுகிறது. ஹேஷ் வேண்டும் என்பது நிர்வாகத்தின் தேவை, எடுக்கமுடியாது.

கியூர்பிப்_மழை

எடுக்கவேண்டியதில்லை. ஷா-256 துண்டு துண்டாக அப்டேட் ஆகும், முழுக் கோப்பும் கையில் இருக்கவேண்டாம். ஜெனரேட்டருக்குள் ஒவ்வொரு யீல்டுக்கு முன்பும் அப்டேட், ஃபைனலியில் லாகில் எழுதுங்கள். க்ளையன்ட் நடுவில் போனாலும் ஃபைனலி ஓடும், அப்போது "முழுமையற்றது" என்று குறித்துக்கொள்ளலாம்.

டர்பன்_கரை

மாற்றிய பிறகு அளக்கும் முறை. அதே சர்வரிலிருந்து முழு வேகத்தில் இறக்கிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், வேகமான க்ளையன்ட் எல்லாத் தவறையும் மறைக்கும். கர்லின் லிமிட்-ரேட்டை 200கே என்று வைத்து, நான்கைந்தை ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். வொர்க்கரின் ப்ராக் ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்எச்டபிள்யூஎம் என்ற வரி அதுவரை தொட்ட உச்ச ரேமைக் காட்டும், டாப்பில் கண் வைத்துக் காத்திருக்கவேண்டாம். 100 எம்பி கோப்புக்கும் 456 எம்பி கோப்புக்கும் அந்த உச்சம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால் ஸ்ட்ரீமிங் உண்மை. கோப்போடு சேர்ந்து வளர்ந்தால் இன்னும் எங்கோ சேர்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் வொர்க்கரை மறுதொடக்கம் செய்யுங்கள். பைத்தான் விடுவித்த ரேம் எல்லாம் ஓஎஸ்ஸுக்கு உடனே திரும்பாது, பழைய உச்சம் புதிய சோதனையைக் குழப்பும்.

ஒரு இறக்கத்தை நடுவில் கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்தி, போஸ்ட்கிரஸின் இணைப்புகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அந்த டிரான்ஸாக்ஷன் மறைகிறதா என்றும் பாருங்கள்.

சென்பியேர்_974

தொழில்நுட்பத்துக்கு வெளியே ஒன்று. 38 லட்சம் வரியை உங்கள் பயனர்கள் எதில் திறக்கிறார்கள்? எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிக்கு மேல் ஏற்காது, மீதியை வெட்டிவிடும். பருவம் பருவமாகப் பிரித்துக் கொடுத்தால் அவர்களுக்கும் நல்லது, சர்வருக்கும் நல்லது.

எங்கள் பக்கம் எக்செல் பிரெஞ்சு அமைப்பில் இருக்கும். பிரிப்பான் அரைப்புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. காற்புள்ளி சிஎஸ்வி கொடுத்தால் எல்லாம் முதல் நெடுவரிசையில் குவியும். கோப்பின் தொடக்கத்தில் எழுத்து முறையைச் சொல்லும் யுடிஎஃப்-8 பிஓஎம் மூன்று பைட் இல்லாவிட்டால் தோட்டப் பெயர்களின் பிரெஞ்சு உச்சரிப்புக் குறிகளும் தமிழும் சிதையும். அதை முதல் துண்டில் ஒரே முறை யீல்டு செய்யுங்கள். துண்டுதோறும் என்கோடர் பிஓஎம் போட்டால் 500 வரிக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொள்ளும்.

மொக்கா_எடைமேடை

பருவவாரியாகப் பிரிப்பதைப் பயனர்களிடம் பேசுகிறேன். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கேட்பார்கள் என்று தெரியும். அதையும் இப்படி ஸ்ட்ரீம் செய்யமுடியுமா?

வாக்வா_வேணி

ரேம் வளராமல் எழுதமுடியும், ஆனால் எழுத எழுத அனுப்பமுடியாது. ஓபன்பைஎக்செல்லில் ரைட்_ஒன்லி, எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரில் கான்ஸ்டன்ட்_மெமரி. இரண்டும் வரிகளைத் தற்காலிகக் கோப்பில் இறக்கிவிட்டு, கடைசியில்தான் ஜிப்பாகக் கட்டும். ஆகவே அதைப் பின்னணி வேலையாக ஓட்டி, முடிந்த கோப்பை டிஸ்கில் வைத்து, எக்ஸ்-ஆக்ஸெல்-ரீடைரக்ட் ஹெடரால் என்ஜின்எக்ஸிடம் ஒப்படையுங்கள். ஆப் உடனே விடுபடும், கோப்பு சென்ட்ஃபைல் வழியே போகும். அளவு முன்கூட்டியே தெரிவதால் பிரவுசர் சதவீதம் காட்டும். ரேஞ்ச் ரிக்வெஸ்டும் வேலை செய்யும்: இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உடனுக்குடன் உருவாக்கும் ஸ்ட்ரீமில் இது கிடைக்காது. மெதுவான இணைப்புக்காரர்கள் அதிகம் என்றால் சிஎஸ்வியையும் இந்த வழிக்கே கொண்டுபோகலாம்.

கோப்பை டிஸ்குக்குப் பதில் எஸ்3 வகைச் சேமிப்புக்கு ஏற்றினால் அங்கேயும் கணக்கு உண்டு. எஸ்3க்கான பைத்தான் லைப்ரரி போட்டோ3, கோப்பைப் பகுதிகளாக ஏற்றும் மல்டிபார்ட்டில் ஒரு பகுதி 8 எம்பி, ஒரே நேரத்தில் 10 த்ரெட். அதுவே 80 எம்பி. 2 ஜிபி சர்வரில் மேக்ஸ்_கன்கரன்ஸியை 2ஆகக் குறைத்துவிடுங்கள்.

மொக்கா_எடைமேடை

நன்றி அக்கா. நாளை காவடி விடுமுறை, ஆபீசில் இறக்கம் இருக்காது. மிடில்வேரை மாற்றி, டர்பன் சொன்ன மெதுவான கர்ல் சோதனையை ஓட்டிவிட்டு, உச்ச ரேம் எண்களை இங்கேயே போடுகிறேன்.

எபென்_கோபுரம்

போடும்போது ப்ராக்ஸி_டெம்ப்_பாத் எந்த மவுண்டில் இருக்கிறது என்பதையும், ஆப் கன்டெய்னரோடு என்ஜின்எக்ஸ் கன்டெய்னரின் மெமரியையும் சேர்த்துப் போடுங்கள்.